கடற்பசுவும் எமது கடனும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எமக்குத் தரப்பட்ட நேரம் சிறியது. பேச எடுத்துக்கொண்ட பிராணியோ பெரியது. 3 மீற்றர் நீளமும் 400 கிலோ பாரமும் வரை வளரக்கூடிய அப்பிராணிக்குக் கடற்பசு என்று பெயர். ஆவுளியா என்றால் இங்கே பலருக்கு உடனே விளங்கும்.

மிஷன் பாடசாலையிலே படித்த காலத்தில் இதன் படத்தை விலங்கியற் புத்தகத்திற் கண்டு, எங்கோ தூரதேசத்துப் பிராணி என்றே எண்ணியிருந்தோம். விடுமுறைக்கு வந்தபோது கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவரிடம் அப்படத்தைக் காட்டினோம். அவர் சிரித்து, "தம்பி, இது நம்ம கடலிலே புல் மேயிற சாதியல்லவா?" என்றார். எமது படிப்பின் அளவை அன்று அறிந்துகொண்டோம்.

ஆவுளியாவை மீன் என்று எண்ணுதல் தவறு. அது குட்டி ஈன்று பால் கொடுக்கும் பிராணி. யானைக்குத் தூரத்து உறவு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுவிட வேண்டும். ஆகையால் வலையிற் சிக்கினால் மூச்சு முட்டியே மடிகிறது. அதன் உணவு கடற்புல். புத்தளம் களப்பிலும், கற்பிட்டியை ஒட்டிய ஆழங்குறைந்த கடலிலும், மன்னார் வளைகுடாவிலும் அப்புல் வயல்போலப் படர்ந்திருக்கிறது. அந்த வயலிலேதான் நாம் விற்றுப் பிழைக்கும் இறாலும் ஒரா மீனும் இளம் பருவத்தில் ஒதுங்கி வளர்கின்றன. எனவே கடற்பசுவின் மேய்ச்சல் நிலம் அழிந்தால், எமது அடுப்பும் அணையும்.

இது 70 ஆண்டுவரை வாழக்கூடியது. ஆனால் பெருகுவதோ மிக மெதுவாக. தாய் ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டு செல்லும். ஒரு தாய் மடிந்தால் அந்த நட்டத்தை எத்தனை ஆண்டில் ஈடுசெய்வது? சற்றே கணக்கிட்டுப் பாருங்கள்!

உலகம் இக்கணக்கைப் பலமுறை தவறவிட்டிருக்கிறது. பேரிங் கடலிலே இதைவிடப் பன்மடங்கு பெரிய கடற்பசு இனமொன்றை 1741 ஆம் ஆண்டில் மாலுமிகள் கண்டனர். இறைச்சிக்காக வேட்டையாடினர். 1768 ஆம் ஆண்டுக்குள் அவ்வினம் பூண்டோடு ஒழிந்தது. 27 ஆண்டுகளே போதுமாயிருந்தன! சீனக் கடலில் எமது ஆவுளியாவும் அநேகமாக இல்லாதொழிந்துவிட்டது என்று 2022 இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர்.

இலங்கையில் 1970 முதல் கடற்பசுவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அப்படியிருந்தும் அது அருகி வருவானேன்? திருக்கை வலைகளும் செவுள் வலைகளும் ஒரு காரணம். டைனமைட் வெடி இன்னொன்று. களப்பின் கரையில் கண்டற் காடுகளை அழித்துத் தோண்டிய இறால் பண்ணைகளின் கழிவு மற்றொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, மறைவில் விலைபோகும் இறைச்சி. தரையிலுள்ள பசுவைப் பட்டிப் பொங்கலன்று பூசிக்கும் நாம், கடலிலுள்ள பசுவின் இறைச்சி மறைவாக வரும்போது வாங்கலாமா? வாங்குவோன் இல்லாவிடில் விற்போன் ஏது?

இங்கே பெரியோர் ஒருவர் எழுந்து, "தம்பி, ஆவுளியாவை விடுவிக்க வலையை அறுத்தால், கிழிந்த வலைக்கு யார் பணம் தருவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடன்பட்டு வாங்கிய வலை அது. மேடையில் நின்று ஜீவகாருண்யம் பேசுவது எமக்கு எளிது; விடியற்காலையில் வெறும் வலையுடன் வீடு திரும்புபவருக்கு அது எளிதன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டு அரசு 2022 இல் 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. சிக்கிய கடற்பசுவை உயிருடன் விட்ட மீனவரை அங்கே பாராட்டிப் பரிசும் வழங்குகின்றனர். அரசு செய்யும்வரை காத்திராமல், எமது சங்கம் அதைச் சிறிய அளவிலேனும் தொடங்கலாகாதா?

ஆகவே பெரியோர் முன் ஒரு விண்ணப்பம். ஆவுளியாவை உயிருடன் விடுவிப்பவரின் வலையைச் சீர்செய்ய, சங்க நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். முதற் பணத்தை மாணவராகிய நாம் எமது கைச்செலவிலிருந்து தருகிறோம். வாலிபர்களே, உங்களிடம் கேட்பது இரண்டு: அவ்விறைச்சி எமது வீட்டு வாசற்படி ஏறலாகாது, வெடி வைத்துப் பிடித்த மீனை எவரும் வாங்கலாகாது.

உடப்புக் கரையிலே அம்பாப் பாடி வலையிழுக்கும்போது ஒருவர் கை தளர்ந்தால் மற்றவர் கை தாங்கும். அந்த ஒற்றுமையை இந்த வாயில்லாப் பிராணிக்கும் காட்டுவோம். எமக்கு இதன் உயிருள்ள கதையைச் சொல்ல ஒரு பெரியவர் இருந்தார். எமது பிள்ளைகளுக்குப் புத்தகத்துப் படம் மட்டுமே எஞ்சுமாயின், அந்தப் பழி எம்மையே சாரும்.