வரைபலகையும் தமிழ்க் கட்டுரையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அன்று முதல் இத்தடத்தில் பயணம் செய்தவர்களில் இரு வகையினர் தனித்துத் தெரிவர். தோளில் வரைதாள் குழல் தொங்க நிற்கும் பொறியியல் மாணவர் ஒருவகையினர். மடித்த தாளில் எதையோ எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கும் கவிஞர் மற்றொரு வகையினர். இவ்விருவரும் ஒரே பலகையில் அமர்ந்து வந்தாலும் ஒருவர் உலகம் மற்றவர்க்கு அயலானது என்பது பொதுவான எண்ணம். இலக்கிய வட்டங்களும் இவ்வெண்ணத்திலிருந்து முற்றும் விடுபட்டவை அல்ல. கூட்டத்தின் கடைசி வரிசையில் தயங்கி அமரும் பொறியியல் மாணவரிடம், ‘படிப்பை விட்டுவிட்டு இங்கே ஏன்?’ என்று அன்போடு கேட்பவர்கள் உண்டு.

அக்கேள்விக்கு விடையாக அமையும் வாழ்க்கை ஒன்று இப்பகுதியிலேயே நிகழ்ந்துள்ளது. 1950களின் நடுவில் குரோம்பேட்டையில் பயின்ற ஒரு மாணவர் வளர்ந்த கதை அது. அவர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவர் ஆனார் என்பதை உலகறியும். அந்தப் பதவியை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, விடுதி அறையில் கண் விழித்துப் படித்த இளைஞராக மட்டும் அவரைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

இடமும் நிறுவனமும்

குரோம் லெதர் கம்பெனி என்னும் தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற ஊர் குரோம்பேட்டை. 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது இவ்வூரும் அதனுள் அடங்கிற்று. இங்குச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, எம்.ஐ.டி. என்று எல்லாரும் வழங்கும் அந்நிறுவனம், 1949இல் சின்னசாமி ராஜம் என்னும் தொழில் முனைவரால் நிறுவப்பெற்றது. தம் இல்லத்தை விற்று அப்பொருளைக் கல்விக்கு அளித்த கொடையாளர் அவர். வானூர்தி, தானூர்தி, மின்னணுவியல், கருவியியல் ஆகிய துறைகள் இந்தியக் கல்லூரிகளில் வேர்கொள்ளாத காலத்தில் அவற்றையே தேர்ந்து கற்பித்த நிறுவனம் அது. அருகில் மீனம்பாக்கம், மறுபுறம் தாம்பரம் விமானப்படைத் தளம். விமான ஓசை புதிதாகத் தோன்றாத வானத்தின் கீழ் அம்மாணவர்கள் பயின்றனர்.

இராமேசுவரத்தில் 1931இல் பிறந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று பட்டம் பெற்ற அப்துல் கலாம் இந்நிறுவனத்தில் இடம் பெற்றார். சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. தமக்கை சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அந்நகைகளைத் தாம் ஈட்டும் பொருளால் மீட்டுத் தருவது என்று தம்பி உறுதி பூண்டார். பொறியியல் படிப்பின் முதல் பாடம் நூலிலிருந்து தொடங்கவில்லை. வெறுமையான இரு கைகளிலிருந்து தொடங்கியது. இன்றும் இப்புறநகர்க் கல்லூரிகளின் வாயிலில் நிற்கும் மாணவர் பலர் இத்தகைய கடனைச் சுமந்தே உள்ளே நுழைகின்றனர்.

ஈர்ப்பும் தேர்வும்

எம்.ஐ.டி.யில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பெற்ற இரு விமானங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. மற்ற மாணவர் விடுதிக்குத் திரும்பிய பின்னரும் கலாம் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பார். முதலாண்டு முடிந்து தனித்துறையைத் தேர வேண்டிய வேளை வந்தபோது அவர் நெஞ்சில் ஐயமே எழவில்லை. வானூர்திப் பொறியியலைத் தேர்ந்தார். எளிய குடும்பத்திலிருந்து வந்தவர்க்கு உடனே வேலை தரும் துறையே உகந்தது என்று உலகியல் சொல்லும். ஆஸ்திரியாவிலிருந்து வந்து கற்பித்த பேராசிரியர் ஸ்பாண்டரிடம் அவர் கலந்து பேசினார். எதிர்கால வாய்ப்பைப் பற்றிக் கவலுதல் வேண்டா, அடிப்படையை வலுவாக இடுவதும் தேர்ந்த துறையில் தணியாத ஆர்வம் கொள்வதுமே முதன்மையானவை என்பது அப்பேராசிரியர் தந்த அறிவுரையின் சாரம்.

ஸ்பாண்டர், பண்டாலை, நரசிங்க ராவ் என்னும் மூவரும் தம் சிந்தனையை உருவாக்கியவர்கள் என்று கலாம் நன்றியோடு குறித்துள்ளார். காற்றியக்கவியலைச் செயல்முறை நோக்கில் ஒருவரும், விமானக் கட்டமைப்பை ஒருவரும், கணித வழியில் கோட்பாட்டை ஒருவரும் கற்பித்தனர். ஒரே பொருளை மூன்று கண்களால் காணும் பயிற்சி அது. யாப்பும் பொருளும் அணியும் தனித்தனியே கற்பிக்கப்பட்டாலும் கவிதையில் அவை ஒன்றாகவே நிற்பதை அறிந்த அவையினர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

மூன்று நாள்

பாடங்கள் முடிந்தபின் செயல்திட்டம் வந்தது. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி, கலாமுக்கும் உடன் பயின்ற நால்வர்க்கும் ஒப்படைக்கப்பட்டது. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர் பகிர்ந்து கொள்ள, காற்றியக்க வடிவமைப்பைக் கலாம் ஏற்றார்.

இப்பணியின் அருமையை ஒருசிறிது எண்ணிப் பார்த்தல் நலம். விமான வடிவமைப்பில் எந்த எண்ணும் தனித்து நிற்பதில்லை. இறக்கையின் பரப்பைக் கூட்டினால் ஏற்றவிசை கூடும். எடையும் கூடும், காற்றின் தடையும் கூடும். அவற்றை வெல்ல வலிய எஞ்சின் வேண்டும்; அதற்கு மிகுந்த எரிபொருள் வேண்டும்; எரிபொருளின் எடையைத் தாங்க மீண்டும் இறக்கையை மாற்ற வேண்டும். ஈர்ப்பு மையம் சிறிது பின்னே நகர்ந்தால் விமானம் நிலைகுலையும். கணிப்பொறி மாணவர் கைக்கு எட்டாத அந்நாளில் இவற்றையெல்லாம் கையால் கணக்கிட்டு, வரைபலகையில் கோடிட்டு, பிழை கண்டால் அழித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு சீரை மாற்றியதும் தளை தட்ட, தளையைச் சரிசெய்ததும் எதுகை நழுவ, பாட்டு முழுவதையும் மீண்டும் எழுதும் புலவரின் துன்பம் இதற்கு நிகரானது.

வடிவமைப்பைக் கற்பித்தவரும் அந்நாளைய இயக்குநருமான பேராசிரியர் சீனிவாசன் ஒருநாள் பணியைப் பார்வையிட்டார். முன்னேற்றம் மிகவும் ஏமாற்றம் தருவதாக இருக்கிறது என்று வெளிப்படையாகக் கூறினார். கலாம் ஒருமாதக் கெடு வேண்டினார். அன்று வெள்ளிக்கிழமை பிற்பகல். திங்கட்கிழமை காலைக்குள் வடிவமைப்பு வரைபடம் வந்து சேராவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று ஆசிரியர் முடிவுரைத்தார்.

உதவித்தொகையே அம்மாணவரின் உயிர்நாடி. அது நின்றால் படிப்பு நிற்கும். தமக்கையின் நகை மீளாது. அன்றிரவு உணவையும் துறந்து அவர் வரைபலகையை விட்டு அகலவில்லை. மறுநாள் காலையில் நீராடிச் சிறிது உண்பதற்கு ஒருமணி நேரம் மட்டும் எடுத்துக் கொண்டார். ஞாயிறு காலையில் பணி நிறைவை நெருங்கியபோது அறையில் யாரோ இருப்பது போல் தோன்றியது. திரும்பினால், டென்னிஸ் ஆடிவிட்டு அதே உடையில் வந்த சீனிவாசன் தொலைவில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். வரைபடத்தை நோக்கிய அவர் மாணவரை அன்போடு தழுவிக்கொண்டார். எட்ட அரிய கெடுவை விதித்துத் தாம் நெருக்கடி தந்ததை ஒப்புக்கொண்டு பாராட்டினார்.

இந்நிகழ்ச்சி மேடைகளில் பன்முறை சொல்லப்பட்டது. பெரும்பாலும் ‘கடுமையாக உழைத்தால் வெற்றி’ என்னும் எளிய நீதியோடு அது முடிந்துவிடுகிறது. கடுமை எல்லா இளைஞரையும் வளர்ப்பதில்லை. சிலரை முறித்தும் விடுகிறது. இங்கு அது வளர்த்தமைக்குக் காரணம், கெடு விதித்த ஆசிரியர் திங்கள் வரை காத்திராமல் ஞாயிற்றுக்கிழமையே மாணவரைத் தேடி வந்தார் என்பது. தண்டனையை அறிவித்தவர் துணையாகவும் வந்து நின்றார். ஆசிரியரும் பெற்றோரும் கெடுவை மட்டும் நினைவில் கொண்டு அந்த வருகையை மறந்துவிடுதல் பெரும்பிழை.

தமிழில் ஒரு விமானம்

இனி இவ்வவைக்கு உரிய செய்தி. செயல்திட்டம் நடைபெற்ற அக்காலத்திலேயே எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் கட்டுரைப் போட்டி ஒன்றை நடத்தியது. கலாம் அதில் கலந்துகொண்டு, நம் விமானத்தை நாமே ஆக்குவோம் என்னும் பொருளமைந்த தலைப்பில் தமிழில் கட்டுரை எழுதினார். முதற்பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசு வழங்கியவர், ‘ஆனந்த விகடன்’ ஆசிரியராக விளங்கியவரும் ‘துப்பறியும் சாம்பு’வைப் படைத்தவருமான தேவன். அவர் 1957இல் மறைந்தார். நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் கையிலிருந்து விமானக் கட்டுரைக்குப் பரிசு பெற்ற அந்நிகழ்ச்சியைக் கலாம் மறக்கவில்லை. 1999இல் வெளிவந்து, தமிழில் ‘அக்னிச் சிறகுகள்’ என வழங்கும் தன்வரலாற்றில் அதனைப் பதிவு செய்தார்.

வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டு, ஆங்கில நூல்களில் படித்து, ஆங்கிலத்தில் தேர்வெழுதும் மாணவர், தம் துறையைப் பற்றித் தாய்மொழியில் எழுதப் புகும்போது ஓர் உண்மையை எதிர்கொள்கிறார். மனப்பாடமாகத் தெரிந்தது எது, உண்மையாகவே புரிந்தது எது என்பது அப்பொழுது பிரிந்து தெரிந்துவிடுகிறது. ‘லிஃப்ட்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ‘ஏற்றவிசை’ என்று எழுதினால் எது எதை ஏற்றுகிறது என்று விளக்காமல் நகர இயலாது. படிப்பவர் பக்கத்து அறை மாணவராகவும் இருக்கலாம், இராமேசுவரத்துப் படகுத் தச்சராகவும் இருக்கலாம். அவர்க்கும் விளங்கச் சொல்ல வேண்டும் என்னும் கடமை எழுதுகோலோடு வந்து சேர்கிறது. வரைபலகை, செய்ய முடியுமா என்று அம்மாணவரைக் கேட்டது. தமிழ்க் கட்டுரை, யாருக்காகச் செய்வது என்று கேட்டது. இரண்டு கேள்விக்கும் விடை தேடியதே அவருடைய வளர்ச்சி எனலாம்.

படிப்பு முடிந்து பிரிவுவிழாவில் குழுப் புகைப்படம் எடுக்கப்பட்டது. மாணவர் மூன்று வரிசையாக நிற்க, பேராசிரியர் முன்னே அமர்ந்திருந்தனர். ஸ்பாண்டர் எழுந்து கலாமைத் தேடினார். முன்வரிசைக்கு அழைத்துத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். பட்டத்தினும் பெரிய சான்றிதழ் அது.

அவர் ஒருவரே அல்லர்

இவ்வளர்ச்சி ஒருவரோடு நின்றுவிடவில்லை. அதே தூய வளனார் கல்லூரியில் பயின்று, அதே எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் கற்றவர் எஸ். ரங்கராஜன். பாரத் மின்னணு நிறுவனத்தில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றிய அவரைத் தமிழ் வாசகர் ‘சுஜாதா’ என்றே அறிவர். 1978இல் எம்.ஐ.டி.யும் இணைந்து உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1981 முதல் 1990 வரை விளங்கிய வா.செ. குழந்தைசாமி, நீர்வளப் பொறியியல் அறிஞர். ‘குலோத்துங்கன்’ என்னும் பெயரில் கவிஞர். ‘வாழும் வள்ளுவம்’ நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். குமரி மாவட்டத்துச் சிற்றூரில் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி கற்று, 1980இல் எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பட்டம் பெற்ற கே. சிவன், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தார். தமிழ் இவர்களில் யாருடைய தொழில்நுட்பத்துக்கும் தடையாக நிற்கவில்லை.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கிற்று. பாடமொழி பற்றிய வழக்கு நீண்டது. அதனை இந்த அவையில் தீர்க்க இயலாது. வகுப்பறைக்கு வெளியே தமிழ்ச் சங்கம் ஒன்று அறிவித்த எளிய கட்டுரைப் போட்டி என்ன செய்யக்கூடும் என்பதற்குச் சான்று மட்டும் கண்முன் இருக்கிறது.

பத்தாண்டு கண்ட இவ்விலக்கிய வட்டம் காதலையும் மழையையும் பாடியது, இன்னும் பாடும். வரும் ஆண்டுகளில் கடைசி வரிசை மாணவரிடம் கவிதை மட்டும் கேட்காமல், அவர் அவ்வாண்டு கற்றதைத் தமிழில் பதினைந்து நிமிடம் சொல்லுமாறு கேட்கலாம். பாலம் எப்படித் தாங்குகிறது, விமானம் எப்படி எழுகிறது, மின்சுற்று ஏன் எரிந்துபோகிறது என்று அவர் தடுமாறித் தடுமாறிச் சொல்லட்டும். சொல் கிடைக்காத இடத்தில் அவையிலுள்ள கவிஞர் ஒருவர் சொல் எடுத்துத் தரட்டும். அன்று அம்மாணவர் தாம் படிப்பது எதை என்று தெரிந்துகொள்வார். கவிஞருக்கும் ஒரு புதிய சொல் கிடைக்கும்.