நின்றுபோன இயந்திரமும் ஒரு சிறு கம்பியும்

(தொழில்நுட்பப் பயிலக மாணவர்களும் அரசுத் துறைப் பொறியாளர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரை)



பொருளாதாரம் பயின்று, கோப்புகளுக்கிடையே காலத்தைக் கழித்த ஒருவன் எஞ்சினின் மின்கம்பிகளைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். எனக்கும் அது சற்று வியப்பாகவே இருக்கிறது. ஆயினும் செலவுக் கணக்கைப் பின்தொடர்ந்து சென்றால், சில வேளைகளில் அது நம்மை எதிர்பாராத இடத்தில் கொண்டு நிறுத்திவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இமாசலப் பிரதேசத்தில் ஒரு மலைச்சாலைப் பணியின் செலவினத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். அங்கிருந்த ஓர் எக்ஸ்கவேட்டருக்கு நான்கு மாதங்களில் மூன்று முறை ஒரே உதிரி உறுப்பு வாங்கப்பட்டிருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மத்தின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் அது. அதன் விலை பெரிதன்று. ஆனால் சமவெளியிலிருந்து அது வந்து சேரும் வரை ஒவ்வொரு முறையும் இயந்திரம் நின்றது. அதை நம்பியிருந்த டிப்பர் லாரிகள் நின்றன. கூலி மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது சென்சாரைப் பொருத்திய பின்னும் அதே எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கம்பிக் கற்றையை எஞ்சினோடு பிடித்திருந்த ஒரு கவ்வி, அதிர்வில் உராய்ந்து உராய்ந்து ஒரு கம்பியின் உறையைத் தேய்த்துவிட்டிருந்ததுதான் காரணம் என்பது இறுதியில் தெரிந்தது.

முதலிலேயே ஏன் அளந்து பார்க்கவில்லை என்று மெக்கானிக்கைக் கேட்டேன். உறுப்பு வாங்கினால் ரசீது உண்டு, அளந்து பார்த்ததற்கு ரசீது ஏது என்று அவர் திருப்பிக் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை.

அந்தச் சென்சாரின் உள்ளே இருப்பது வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. பரவலாக வழங்கும் ஒரு வகையில் 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம் தடை இருக்கும். 100 பாகையில் அது 200 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னுள் இருக்கும் ஒரு தடையின் வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சாரின் முனையில் எஞ்சும் மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்கிறது. கம்பி அறுந்தால் அந்த 5 வோல்ட் அப்படியே நிற்கும். பெட்டி அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். கம்பி எஞ்சினின் உடலைத் தொட்டால் மின்னழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்; அதைக் கொதிநிலைக்கும் மேலான வெப்பம் என்று படிக்கும்.

கனரக வாகனங்களுக்கான ஜே 1939 என்ற பொது மொழியில் இந்த அளவீட்டின் எண் 110. அதனோடு வரும் துணை எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 3 என்றால் மின்னழுத்தம் மிகுதி, 4 என்றால் குறைவு. இவை இரண்டும் மின்சுற்றின் பழுதுகள். 0, 15, 16 ஆகியவை வந்தால் எஞ்சின் உண்மையாகவே சூடேறியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அப்போது மல்டிமீட்டரைத் தேட வேண்டாம். நீர்மத்தின் அளவு, விசிறிப் பட்டை, ரேடியேட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம். 3,000 மீட்டர் உயரத்தில் திறந்த நீர் ஏறத்தாழ 90 பாகையிலேயே கொதித்துவிடுகிறது என்பதை மலையில் பணிபுரிவோர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

துணை எண் 4 எனில், எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பி வைத்து, சென்சாரின் இணைப்பைக் கழற்றுங்கள். எண் 3 ஆக மாறினால் கம்பிகளில் குறையில்லை, சென்சாரே பழுது. மாறாமல் 4 ஆகவே நின்றால் கம்பி எங்கோ உடலைத் தொடுகிறது. துணை எண் 3 எனில், கம்பிக் கற்றையின் பக்கத்து இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். 4 ஆக மாறினால் சென்சார் பழுது. மாறாவிட்டால் கம்பியிலோ பெட்டியிலோ குறை. இதற்கு ஐந்து நிமிடம் போதும். வேறு பல சென்சார்களும் ஒரே நேரத்தில் கூக்குரலிட்டால், அவற்றுக்குப் பொதுவான திரும்பு கம்பியைத்தான் ஐயுற வேண்டும்.

இமாசலத்தில் நேர்ந்தது இன்னும் நுட்பமானது. சென்சாரை மாற்றுகையில் கம்பிக் கற்றை சிறிது விலகும். பழுது சில வாரங்கள் மறையும். புதிய உறுப்பே குணப்படுத்தியது என்று எல்லோரும் நம்புவர். எனவே காட்சித் திரையைப் பார்த்தவாறே கம்பியைக் கையால் அசைத்துப் பார்ப்பதும் சோதனையின் ஒரு பகுதியே. கம்பியின் உறையை ஊசியால் குத்தி அளக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து, நாளைய பழுதுக்கு இன்றே வித்திடும்.

எண் எதுவும் காட்டாத பழுதே எனக்கு அதிக அச்சம் தருவது. இணைப்பியின் முனைகளில் பச்சை பூத்து 300 ஓம் தடை கூடியது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் நீர்மம் 100 பாகையில் இருக்கையில், நான் முன்பு சொன்ன வகைச் சென்சாரில் திரை ஏறத்தாழ 65 பாகை என்று காட்டும். எச்சரிக்கை இல்லை, விளக்கு இல்லை. எஞ்சின் மட்டும் வெந்துகொண்டிருக்கும். நீர்மம் வடிந்து சென்சார் காற்றில் நின்றாலும் இவ்வாறே அளவு குறைத்துக் காட்டக்கூடும். வெப்பநிலைமானியால் வெளியிலிருந்து அளந்து, திரையோடு ஒப்பிடுவது ஒன்றே இதற்கு வழி.

ஒற்றைக் கம்பிச் சென்சார் கொண்ட பழைய இயந்திரங்களில் வேலை எளிது: திருகுமரையில் நாடாவை மிகுதியாகச் சுற்றி எர்த்தைக் கெடுக்காதிருந்தால் போதும். ஆனால் 2021 ஏப்ரலில் சக்கரமுள்ள கட்டுமான வாகனங்களுக்கு நான்காம் நிலை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. மின்னணுக் கட்டுப்பாடு இனி விலக்க முடியாதது.

மெக்கானிக்கின் கேள்விக்கு வருகிறேன். நம் பதிவேடுகளில் வாங்கிய பொருளுக்குப் பத்தி உண்டு, எடுத்த அளவுக்கு இல்லை. ஆகவே பொருளை மாற்றுவதே வேலை செய்ததற்குச் சான்றாகிவிடுகிறது. பழுதான உறுப்புக்கான கோரிக்கைப் படிவத்தில் இரண்டு பத்திகள் சேர்க்கலாம்: இணைப்பைக் கழற்றியபோது வந்த எண், அளந்த ஓம். தணிக்கையாளர் அவற்றையும் ரசீதுக்கு இணையாக ஏற்க வேண்டும். இங்குள்ள அலுவலர்களில் எத்தனை பேர் தம் பிரிவில் இதை அடுத்த மாதமே தொடங்க இயலும் என்பதை அறிய விரும்புகிறேன். முற்றத்தில் நிற்கும் இயந்திரத்தில் பயிற்சியாளர் இச்சோதனைகளை இப்போது செய்து காட்டுவார்.