கடையின் பின்னறையிலே கற்ற வாக்குரிமை

(வாக்காளர் பதிவுத் தொண்டர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வாக்காளர் படிவங்களோடு வீடு வீடாகச் செல்லப் புறப்பட்டிருக்கும் தொண்டர்களுக்கு நாம் இன்று ஒரு கடையின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவிலே, தென் கரோலைனாக் கரையோரத்தில், ஜோன்ஸ் தீவு என்றொரு தீவு உண்டு. அங்கே கறுப்பின மக்களின் சங்கமொன்று நடத்திய கடையின் பின்னறையில், 1957ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஓர் இரவுப் பள்ளி தொடங்கிற்று. முன்புறத்திலே பலசரக்கு, பின்புறத்திலே வளர்ந்தோர் 14 பேர் இருந்த வகுப்பு. வகுப்பு நடப்பது வெள்ளையர் கண்ணிற் படாதிருப்பதற்கே முன்புறத்துக் கடை.

அப்படி மறைத்துக் கற்க வேண்டிய பாடந்தான் என்ன? தம் பெயரை எழுதுவதும், மாநில அரசியற் சட்டத்தின் ஒரு பகுதியை வாசிப்பதும்! அதைச் செய்து காட்ட முடியாத ஏழைக்கு அம்மாநிலத்தில் வாக்கில்லை.

சட்டம் பயின்ற நாம் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். இனத்தைக் காரணங்காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என்று அமெரிக்க அரசியற் சட்டத்தின் 15ஆவது திருத்தம் 1870இலேயே விதித்துவிட்டது. ஆகவே தென் மாநிலங்கள் இனத்தின் பெயரைச் சொல்லவேயில்லை. மிசிசிப்பி மாநிலம் 1890இல் இயற்றிய அரசியற் சட்டத்தில் தலைவரி இருக்கும். சட்டப் பிரிவொன்றை வாசிக்கவோ விளக்கவோ வேண்டுமென்ற விதி இருக்கும். கறுப்பினத்தவர் என்ற சொல் வாக்குரிமைப் பகுதியில் இராது. எந்தப் பிரிவைக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் பதிவுகாரர். விளக்கம் சரியோ பிழையோ என்று தீர்ப்பவரும் அவரே. வெள்ளையருக்கு ஒற்றை வரிப் பிரிவும், கறுப்பின ஆசிரியருக்குச் சட்டத்தரணிக்கே தலைசுற்றும் பிரிவும் கிடைப்பது வழக்கமாயிற்று. 1962இல் இன்னொரு சட்டம் வந்தது: பதிவுக்கு விண்ணப்பித்தவர் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். பார்வைக்கு ஒளிவுமறைவற்ற ஏற்பாடு! ஆனால் அந்தப் பெயர்களைத் தேடி வாசித்தவர் தோட்ட முதலாளி.

இனத்தின் பெயரைச் சொல்லாத சட்டத்தை எப்படி வாசிக்க வேண்டுமென்று இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோது எழுத்தறிவு கேட்கப்படவில்லை. பெட்டியின் நிறத்தைக் கண்டு வாக்களித்தார்கள். அதே நாட்டில் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் எவ்வினத்தையும் பெயர் சுட்டாமலே மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை இடாப்பிலிருந்து அகற்றின.

மீண்டும் அந்தப் பின்னறைக்கு வருவோம். அப்பள்ளியை அமைத்தவருள் ஒருவரான செப்டிமா கிளாக் அம்மையார் ஏறக்குறைய 40 ஆண்டு ஆசிரியையாக இருந்தவர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் தாம் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்ததற்காக 1956இல் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். வகுப்பை நடத்த அவர் தேடிப் பிடித்தவரோ ஆசிரியை அல்லர். பேர்னிஸ் றொபின்சன் என்ற அப்பெண் சிகை அலங்காரத் தொழில் செய்தவர். படித்தவரென்ற மிடுக்கு இல்லாதவரே முதியோர்க்குக் கற்பிக்க ஏற்றவர் என்று கிளாக் கருதினார். (சபையிலிருக்கும் உத்தியோகத்தர்கள் எம்மை மன்னிப்பார்களாக.) றொபின்சன் முதலிற் சிறுவர் பாடநூல்களைக் கொண்டு சென்றார்; அவை பொருந்தவில்லை என்று கண்டதும் ஒதுக்கிவிட்டார். உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், விவிலியம் வாசிக்க வேண்டும், காசுக் கட்டளைப் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவற்றோடு தேர்தற் சட்டத்தையும் சேர்த்துப் பாடமாக்கினார். 1970 வரையில் இத்தகைய பள்ளிகள் தென் மாநிலங்களெங்கும் ஏறக்குறைய 900 நடந்தன.

பாடம் கற்றதும் கதவு திறந்துவிடவில்லை. மிசிசிப்பியிலே பருத்தித் தோட்டத்தில் 18 ஆண்டு உழைத்த ஃபனி லூ ஹேமர், 1962 ஆகஸ்ட் 31ஆம் நாள் வேறு 17 பேரோடு பஸ்ஸொன்றில் ஏறி இந்தியானோலா நகரப் பதிவுகாரரிடம் சென்றார். தேர்வில் தவறினார். திரும்பும் வழியில், பஸ்ஸின் நிறம் பிழையென்று பொலிசார் மறித்துத் தண்டம் விதித்தார்கள். அன்றிரவே தோட்ட முதலாளி, விண்ணப்பத்தை மீளப்பெறு, அன்றேல் வெளியேறு என்றார். ஹேமர் வெளியேறினார். 1963 ஜனவரியில் அவர் பதிவு பெற்ற பின்னரும், தலைவரிப் பற்றுச்சீட்டு இல்லையென்று வாக்குச் சாவடியிலிருந்து திருப்பியனுப்பப்பட்டார்.

அதே மாநிலத்துக் கிறீன்வூட் பகுதியில், பதிவு முயற்சி வலுத்த 1962இல், கூலி விவசாயிகள் மாரிகாலத்தில் நம்பியிருந்த மத்திய அரசின் உணவுப் பங்கீட்டை உள்ளூர் நிர்வாகம் நிறுத்திற்று. அந்நேரம் தொண்டர்களான மாணவர்கள் வடபகுதியிலிருந்து உணவு திரட்டி வந்து பங்கிட்டார்கள். உணவுக்காக வந்தவர்களிற் பலர் பதிவு அலுவலக வரிசையிலும் போய் நின்றார்கள். பட்டினிக்குப் பயந்து மக்கள் அடங்குவர் என்று கணக்குப் போட்டவர்கள் இதனை எதிர்பார்க்கவில்லை. கறுப்பின மக்களுக்கு வாக்கில் அக்கறையில்லை என்றும் சொன்னார்கள். 1963 நவம்பரில் தொண்டர்கள் தாமே மாதிரித் தேர்தலொன்றை நடத்தியபோது ஏறத்தாழ 80,000 பேர் வாக்களித்தார்கள். நீதிமன்றத்திலே இதைவிடச் சிறந்த சாட்சியத்தை நாம் கண்டதில்லை.

நீதிமன்றங்கள் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. ஆனால் மாவட்டத்துக்கொரு வழக்காக ஆண்டுக் கணக்கில் வாதாடியும் ஆன பயன் சொற்பம். செல்மா நகரிலே அணிவகுத்தவர்கள் 1965 மார்ச் 7ஆம் நாள் அடிபட்டதை நாடே பார்த்த பின்னர்தான், அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. எழுத்தறிவுத் தேர்வு அம்மாநிலங்களில் நிறுத்தப்பட்டது. மத்திய அரசின் அலுவலரே பதிவு செய்யவும் வழி பிறந்தது. மிசிசிப்பியில் வாக்கு வயதடைந்த கறுப்பினத்தவருள் பதிவு பெற்றோர் சட்டத்துக்கு முன் நூற்றுக்கு 6.7, 1967இல் 59.8. தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதியை எந்த மாநிலங்கள் பெற வேண்டுமென்று குறித்த அச்சட்டத்தின் பிரிவை, 2013இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற தீர்ப்பால் செல்லாததாக்கியது. அன்றிலிருந்து அங்கே பழைய வேலை மறுபடி தொடங்கியிருக்கிறது.

எமது வகுப்பு நாளை மாலை ஆறு மணிக்கு. படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. தொண்டர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துச் செல்லுங்கள்: ஒன்று உங்களுக்கு; மற்றையது, படிவத்தைக் கண்டால் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லும் உங்கள் அயலவருக்கு. அவரையும் அழைத்து வாருங்கள்.