வலசை வல்லூறும் கொல்லா நோன்பும்

(மகாவீரர் நிர்வாணத் திருநாள் உரை)



ஐப்பசித் தேய்பிறையின் முடிவில், பொழுது புலருமுன் தமிழ்ச் சமணர் இல்லங்களில் விளக்கேற்றப்படுகிறது. பாவாபுரியில் பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய வைகறையின் நினைவு அது. அவ்விளக்குகள் எரியும் அதே வாரங்களில், நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள நாகாலாந்து மலைகளில் இலட்சக்கணக்கான சிறு வல்லூறுகள் வந்திறங்குகின்றன. அவற்றின் வரலாறு இத்திருநாளில் சிந்திக்கத் தக்கது.

அமூர் வல்லூறு என்பது அப்பறவையின் பெயர். எடை ஏறத்தாழ 150 கிராம், புறாவினும் சிறியது. தென்கிழக்குச் சைபீரியாவிலும் வடசீனத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைத் தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளில் கழிக்கிறது. இடையில் நாகாலாந்திலும் மணிப்பூரிலும் சில வாரம் தங்கி ஈசல் உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. நெல்லிக்குப்பத்துக் கரும்புக் கொல்லைகளிலும் நெய்வேலிச் செம்மண் மேடுகளிலும் மழை ஓய்ந்தபின் எழும் ஈசலைப் போன்றதே அந்த உணவும். அவ்வலுவைக் கொண்டே அது இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலையும் இறங்காமல் தாண்டுகிறது.

2012ஆம் ஆண்டு அக்டோபரில், டோயாங் நீர்த்தேக்கத்தை அடுத்த பாங்டிச் சிற்றூர்ப் பகுதியில் இப்பறவைகள் வலைகளில் சிக்கிக் குவியல் குவியலாக விற்கப்படுவதைப் பறவை ஆர்வலர் சிலர் படம்பிடித்து உலகுக்குக் காட்டினர். அப்பருவத்தில் மாண்டவை 1,20,000 முதல் 1,40,000 வரை என மதிப்பிடப்பட்டது. அணை நீரில் விளைநிலத்தை இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அவ்விற்பனை வருவாயாக இருந்தது. ஆயினும் ஊர் மன்றங்களும் தேவாலயங்களும் வனத்துறையும் தன்னார்வலரும் வீடு வீடாகப் பேசினர். வேட்டையை விடுவதென ஊரார் உறுதி பூண்டனர். 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வலைகள் விரிக்கப்படவில்லை. கொல்லாமையை மரபாகப் பெறாத ஒரு மக்கள் கூட்டம் ஒரே ஆண்டில் அந்நோன்பை ஏற்றது. பிறப்பிலேயே அதனைப் பெற்றவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

அவ்வாண்டு நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில், தோட்பை போன்ற மெல்லிய வாரினால், 5 கிராம் எடையுள்ள கருவிகள் பூட்டப்பட்டன. சூரிய ஒளியில் இயங்கும் அக்கருவி செயற்கைக்கோளுக்குக் குறிப்பனுப்பி, பறவை இருக்குமிடத்தைக் காட்டும். இந்திய வனவிலங்கு நிறுவனமும் நாகாலாந்து வனத்துறையும் ஹங்கேரி நாட்டு அறிஞரும் சேர்ந்து செய்த பணி அது. நாகா, வோக்கா, பாங்டி என்று அப்பறவைகளுக்கு அந்த மண்ணின் பெயர்களே இடப்பட்டன. வோக்காவின் குறிப்பு இடையில் நின்றது. நாகாவும் பாங்டியும் ஆப்பிரிக்கா சென்று, வடக்கே ஏகி, மறு ஆண்டு நாகாலாந்துக்கே மீண்டன. முன்பு வலை விரித்த ஊரார், தம் ஊர்ப் பெயர் கொண்ட பறவையின் வரவை எதிர்நோக்கி இருந்தனர்.

எல்லாக் கருவியும் நற்செய்தி சொல்வதில்லை. 2018 நவம்பரில் தமெங்லோங் மாவட்டத்தில் ‘மணிப்பூர்’ என்று பெயரிட்டு விடப்பட்ட பறவை, சில நாள்களுக்குள் சுடப்பட்டு இறந்து கிடந்தது. கருவி இல்லாதிருந்தால் அச்சாவை எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

வலையும் துப்பாக்கியும் கண்ணுக்குத் தெரியும் கேடுகள். தெரியாத கேடு ஒன்றையும் இத்தகைய கருவிகளே வெளிப்படுத்தின. 1990களின் நடுவில், வட அமெரிக்காவில் கூடு கட்டும் ஸ்வைன்சன் பருந்துகள் ஏன் குறைகின்றன என்று ஆராய்ந்தவர்கள், செயற்கைக்கோள் காட்டிய வழியே அர்ஜென்டினா சென்றனர். அங்கே வயல்களில் பருந்துகள் செத்துக் கிடந்தன. 1995-96 பருவத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல். வெட்டுக்கிளியைக் கொல்ல உழவர் தெளித்த மருந்து, வெட்டுக்கிளியைத் தின்ற பருந்தையும் கொன்றது. அம்மருந்தின் பெயர் மோனோகுரோட்டோபாஸ். தமிழ்நாட்டு உழவரும் நன்கறிந்த பெயர். பின்னர் அரசும் உற்பத்தியாளரும் உழவரும் கூடி அதனை விலக்கத் தொடங்க, அத்தகைய பெருஞ்சாவு அடங்கியது.

அந்த உழவர் எவரும் பருந்தைக் கொல்ல எண்ணியவர் அல்லர். கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் அறவே விடவேண்டும் என்பதும், உழவிலும் தொழிலிலும் நேரும் ஹிம்சையை இயன்றவரை குறைக்கவேண்டும் என்பதும் சிராவக ஒழுக்கம். ஹிம்சையின் வேராகத் தத்துவார்த்த சூத்திரம் காட்டுவது பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை. ‘தெரியாமல் நேர்ந்தது’ என்ற சொல், தெரிந்துகொள்ள முயலாதவனைக் காப்பதில்லை.

‘பிற உயிரைக் கொன்று தின்னும் பறவைக்கு இரங்கலாமா?’ என்று கேட்பவர் உண்டு. ரவிஷேணாச்சாரியாரின் பத்மபுராணம் அதற்கு விடை தருகிறது. தண்டகவனத்தில் இராமனும் சீதையும் முனிவர் இருவருக்கு ஆகாரதானம் அளித்தபோது, அதனைக் கண்ட கழுகு ஒன்று பழம்பிறப்பு உணர்ந்து முனிவர் அடியில் வீழ்ந்தது. அறங்கேட்டு விரதமும் ஏற்றது. அதுவே ஜடாயு. பகவான் மகாவீரரின் உயிரும் முன்னொரு பிறவியில் சிங்கமாய் இருந்து சாரண முனிவரால் அறம் பெற்றது. ஊன் உண்ணும் உடலுக்குள்ளும் வீடுபேற்றுக்குரிய உயிர் உறைகிறது என்பதே இவ்வரலாறுகளின் பொருள்.

வலசைப் பருந்துகளைக் காண நாகாலாந்து வரை செல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிகளின் மேலும் வயல்களின் மேலும் தாழப் பறந்து இரைதேடும் பூனைப்பருந்து வடநாடுகளிலிருந்து வருவதே. எலிக்கு வைத்த நஞ்சு, எலியைத் தின்ற பருந்துக்கும் ஆந்தைக்கும் நஞ்சாகலாம். அறுந்து மரத்தில் சிக்கிய மாஞ்சா நூல் சிறகை அறுக்கும். மின்கம்பத்தில் அமரும் பெரும்பறவை இரு கம்பிகளை ஒருங்கே தீண்டினால் அக்கணமே மாளும். மாட்டு வைத்தியத்தில் 2006இல் தடைசெய்யப்பட்ட டைக்ளோபினாக், இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளை நாடெங்கும் அழித்தது.

ஆகவே, மருந்து தெளிக்குமுன் அது தேவைதானா என வினவுதல், எலிநஞ்சை விடுத்து வேறு வழி நாடுதல், மாட்டுக்கு ஊசி போடுமுன் மருந்தின் பெயரைக் கேட்டறிதல், கிடக்கும் நூலை எடுத்து அகற்றுதல் ஆகியவை ஒவ்வோர் இல்லத்தாலும் இயலும். நடக்கும்போது நிலம் பார்த்து அடிவைக்கும் முனிவரின் ஈரியா சமிதி, இல்லறத்தார் கையில் இவ்வாறே செயலாகும்.

வைகறை விளக்கின் ஒளி வாயிலோடு நின்றுவிடாமல் வயல்வரை செல்லட்டும். கடல் கடந்து வரும் பறவை, சமணர் நிலத்தின் மேல் அஞ்சாமல் பறந்து செல்லட்டும்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க.