அந்நிய பாஷையும் அசட்டு வெட்கமும்

(மாலை நேர ஆங்கில வகுப்பு ஒன்றின் ஆரம்பக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த ஆங்கில வகுப்பைத் துவக்கி வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நான் பாஷைப் பண்டிதனல்ல. ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிக் கற்றவன். கற்ற வழியில் பல தடவை விழுந்தவன். விழுந்தவனுக்குத்தானே குழி எங்கேயிருக்கிறது என்று தெரியும்? அந்த ஒரு யோக்கியதையைக் கொண்டுதான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் எனக்கு நேர்ந்த ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். வாலிபத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் "நோட்டீஸ்" என்று ஒரு சொல் இருந்தது. எனக்குத் தெரிந்த நோட்டீஸ் எது? சினிமாக் கொட்டகைக்காரர்கள் வண்டியில் வந்து வீதியில் வீசிப்போவார்களே, அந்தத் துண்டுக் காகிதம்! அது இங்கே ஏன் வந்தது என்று விளங்கவில்லை. பக்கத்திலிருந்த குமாஸ்தாவைக் கேட்டிருக்கலாம். "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிப்பாரே என்று வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலையை விடுவதானால் ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதச் சம்பளம் கிடையாது என்பதுதான் அதன் பொருள். சில மாதம் கழித்து, தாயாருக்கு உடம்பு சரியில்லையென்று திடீரென வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். ஒரு மாதச் சம்பளம் போயிற்று. அவருடைய மருந்துக்கென்று நான் நம்பியிருந்த பணம் அது.

இதில் இரண்டு தவறு இருக்கிறது. தெரிந்த சொல்தானே என்று ஏமாந்தது ஒன்று. கேட்க வெட்கப்பட்டது மற்றொன்று. பின்னதைப்பற்றி முடிவில் சொல்லுகிறேன். முன்னதுபோன்ற குழிகள் இன்னும் பல உண்டு.

நம் ஊரில் புகுந்துவிட்ட ஆங்கிலச் சொல் நம் ஊருக்கேற்ப மாறிப்போகிறது. "ஹோட்டல்" என்றால் நமக்குச் சாப்பாட்டுக் கடை. ஆங்கிலேயனுக்குத் தங்கும் விடுதி. ஆகவே தெரிந்த சொல்லையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது, தமிழில் நினைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றிப்போடுவது. நாம் மருந்து "சாப்பிடுகிறோம்". ஆங்கிலேயனோ மருந்தை "எடுத்துக்கொள்ளுகிறான்". நாம் "எனக்கு ஒரு வீடு இருக்கிறது" என்கிறோம்; அவனுக்கு அதற்கு "ஹேவ்" என்று தனி வினையே இருக்கிறது, நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. நமக்கு வினை கடைசியில் வரும். அவனுக்கு நடுவில் வரும். செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டுபோய் வைத்தால் வீடாகுமா? ஆகவே தனிச்சொல்லைப் பாடம் பண்ணாமல், முழு வாக்கியமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆங்கில உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதிவைத்துப் படிப்பது. இத்தனை நாளில் ஆங்கிலம் என்று விற்கும் புத்தகங்களெல்லாம் இப்படித்தான் செய்கின்றன. பைக்கும் முதுகுக்கும் ஆங்கிலத்தில் வேறுவேறு சொல், வேறுவேறு ஒலி. நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் "பேக்"தான்! இது தமிழுக்குக் குறையல்ல. நம் எழுத்து நம் பாஷைக்காக ஏற்பட்டது. ஆனால் அதை நம்பி ஆங்கிலம் பேசினால், பை வலிக்கிறதென்று வைத்தியரிடம் சொன்னவனாவோம். அதேசமயம் கப்பலுக்கு "ஷிப்", ஆட்டுக்கு "ஷீப்" என்ற வித்தியாசம் குறில் நெடில் அறிந்த நமக்குச் சுலபம். ஸ்பெயின் தேசத்தார் அதற்கே தடுமாறுகிறார்கள். ஒவ்வொருவனுக்கும் அவனவன் தாய்பாஷையே சில இடத்தில் ஏணி, சில இடத்தில் முட்டுக்கட்டை.

நான்காவது, எழுத்தைப் பார்த்து ஒலியை முடிவு செய்வது. ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலியோ 40க்கு மேல். காக்ஸ்டன் என்பவர் 1476ல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அதன்பின் எழுத்து மெள்ள மெள்ள நிலைத்துவிட்டது. வாய்ப்பேச்சோ மாறிக்கொண்டே போயிற்று. கடனுக்கு "டெட்" என்கிறார்கள். நடுவில் "பி" என்ற எழுத்து எதற்கு? லத்தீன் மூலத்தைக் காட்டவேண்டுமென்று படித்தவர்கள் செருகியது. தீவுக்கு "ஐலண்ட்" என்பதிலுள்ள "எஸ்" தவறாகப் புகுந்தது. ஆகவே இதில் தெய்வ ரகசியம் ஒன்றுமில்லை, பழக்கந்தான். காதால் கேட்டு, வாயால் சொல்லிப் பிறகு எழுதுங்கள்.

ஐந்தாவது, ஒரே நாளில் நூறு சொல்லை உருப்போடுவது. ஜெர்மானியரான எபிங்கௌஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே நெட்டுருப்போட்டு, தம்மையே பரீட்சை செய்து 1885ல் ஒரு நூல் வெளியிட்டார். படித்தது முதலில் வெகுவேகமாக மறக்கிறது, ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பல நாளாகப் பிரித்துப் படிப்பதே நிற்கிறது என்று அவர் கண்டார். ஆகவே நாளைக்கு ஐந்து சொல் போதும். நேற்றையதையும் போன வாரத்தையதையும் திருப்பிப் பாருங்கள். பெரிய சொல்லாகத் தேடாதீர்கள். ஆக்டன் என்பவர் 1930ல் 850 சொற்களைக்கொண்டே ஒரு எளிய ஆங்கிலத்தை வகுத்தார். அது எல்லாவற்றுக்கும் போதாது என்றாலும், ஆரம்பத்துக்கு எவ்வளவு கொஞ்சம் வேண்டும் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

நிற்க, இவ்வளவும் சிறு குழிகள். பெருங்குழி வெட்கந்தான். இலக்கணம் முழுதும் முடிந்தபிறகே வாய் திறப்பேன் என்பவன், நீச்சல் கற்றபிறகே தண்ணீரில் இறங்குவேன் என்பவன். ஆங்கிலக் குழந்தையே "வென்ட்" என்பதற்குப் பதில் "கோ"வுடன் "எட்" சேர்த்துத் தப்பாகச் சொல்லுகிறது. அது முட்டாளா? விதியை அது கண்டுபிடித்துவிட்டது, விலக்குத்தான் இன்னும் தெரியவில்லை! கற்பவன் செய்யும் தவறு அவன் புத்தி வேலை செய்யும் வழியைக் காட்டும் அடையாளம் என்று பிட் கார்டர் என்ற ஆசிரியர் 1967லேயே எழுதினார்.

ஒன்று கேட்கிறேன். ஆங்கிலத்தில் "நாம்", "நாங்கள்" இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் விருந்துக்கு அழைத்தவரிடமே "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்று சொல்லிவிடக்கூடும். "உனக்கு இலை இல்லை" என்றல்லவா அதற்கு அர்த்தம்? ஆனால் நாம் கோபிப்பதில்லை. "துரை என்ன அழகாய்த் தமிழ் பேசுகிறார்!" என்று மெச்சுகிறோம். நம் பக்கத்து வீட்டுப் பையன் ஆங்கிலத்தில் ஒரு சொல் தவறினால் மட்டும் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறோம். இது என்ன நியாயம்? அவர் தவறினால் முயற்சி, இவன் தவறினால் இழிவா? பாஷை ஒரு கருவி. மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவனைக் கீழ்மகன் என்போமா? அதுபோலத்தான் இதுவும்.

ஆகவே தோழர்களே! இந்த வகுப்பில் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: தவறு செய்தவனைப் பார்த்துச் சிரிப்பவன் வெளியே போகவேண்டும். புரியாத சொல்லைப் "புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்; அதுதான் முதல் பாடம். என் சொல்லை நம்பவேண்டாம், ஒரு மாதம் செய்து பாருங்கள். என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டியதுபோல் உங்களிடமும் ஒரு நாள் நீட்டுவார்கள். அன்று கையெழுத்துப் போடுவதற்கு முன், "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று தலைநிமிர்ந்து கேட்பீர்களானால், இந்த வகுப்பு வைத்ததற்கு அந்தப் பலனே போதும்.