காப்போரைக் காப்பது யார்?

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி மாலை இத்தீவு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. கடைகள் மூடின, பஸ் வண்டிகள் நின்றன, தோட்டத்து மரக்கறி சந்தைக்குப் போகாமல் அழுகிற்று. அந்த நட்டங்களைப் பற்றிப் பலர் பேசிவிட்டனர். படலைக்கு உள்ளே, எவர் கண்ணிலும் படாமல் நடந்த ஒரு துன்பத்தைப் பற்றியே இன்று நாம் பேச வந்துள்ளோம்.

முதியவர் ஒருவரின் நினைவு தடுமாறினால், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லி நாம் அடங்கிவிடுகிறோம். ஆனால் அது மூளையைத் தாக்கும் நோய். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஐந்தரைக் கோடிப் பேர் வரையில் இந்நோயுடன் வாழ்கின்றனர். கூலியின்றி அவர்களைப் பராமரிப்போர் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம் அதிற் செலவிடுகின்றனர். அவ்வுழைப்பில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது.

இத்தகைய இல்லமொன்றை எண்ணிப் பாருங்கள். விடிந்ததும் கோயிலுக்குப் போகவேண்டுமென்று தந்தை படலையைத் தட்டுகிறார். வெளியே நோய் பரவுகிறதென்று மகள் சொல்லுகிறாள். "சரி, பிள்ளை" என்கிறார்; கால் மணி நேரத்தில் அதை மறந்து மீண்டும் எழுகிறார். முகத்தை மூடிக்கொண்டு வரும் மகளை யாரோ என்றெண்ணி அஞ்சுகிறார். மாலையில் வந்து கைமாற்றிய சகோதரி வர வழியில்லை. கடல் கடந்து வாழும் மகனும் வர வழியில்லை. 2020 மார்ச்சில் மூடப்பட்ட கட்டுநாயக்கா விமான நிலையம் 2021 ஜனவரியிலேதான் பயணிகளுக்கு மீண்டும் திறந்தது. தொற்றுற்றவரைச் சிகிச்சை நிலையத்துக்கும், அவருடன் பழகியவரைத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கும் கொண்டுசென்ற நாட்கள் அவை. "என்னைக் கொண்டுபோனால் ஐயாவுக்குச் சோறு ஊட்டுவது யார்?" என்ற கேள்விக்கு அவளுக்கு எவர் விடை சொன்னார்?

பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. நன்று. ஆனால் கடமையை விதித்த அரசு, அதைச் செய்வதற்கான வழியையும் திறந்து வைக்கக் கடமைப்பட்டதன்றோ?

செல்வம் மிக்க நாடுகளும் இதிற் தவறின. 2020 மார்ச் முதல் யூன் வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் கொரோனா தொற்றி இறந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மறதிநோயே முதன்மையான முன்நோயாக இருந்தது. அவ்வாண்டு வசந்தகாலத்தில் இங்கிலாந்து அரசு, ஆஸ்பத்திரி நோயாளரை முதியோர் இல்லங்களுக்கு அனுப்பியது. தந்தையரை இழந்த இரு பெண்கள் வழக்குத் தொடுத்தனர். நோய்க்குறி தோன்றாதவர் மூலமும் தொற்றுப் பரவக்கூடும் என்ற ஆபத்தைக் கருதாது வகுத்த அக்கொள்கை சட்டவிரோதமானதென்று 2022 ஏப்ரல் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்தோர் மீளவில்லை, எனினும் அரசு பதில் சொல்ல நேர்ந்தது.

நம் கோரிக்கைகள் மூன்று. மறதிநோயாளரையும் அவரைப் பராமரிப்போரையும் கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் பதிவு செய்தல் வேண்டும். பராமரிப்பவருக்கும் அவரைக் கைமாற்றுபவருக்கும் ஊரடங்கிலும் நடமாட அனுமதிச் சீட்டு வழங்கல் வேண்டும். மாற்றுத் துணை ஏற்படுத்தாமல் பராமரிப்பவரை நோயாளரிடமிருந்து பிரித்தலாகாது. 1897ஆம் ஆண்டின் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளில் இவை எழுத்திலே இடம்பெறல் வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருக்கலாமா? வைத்தியர்களே, நோயாளியைப் பார்க்கும்போது அருகில் நிற்கும் மகளின் உறக்கத்தையும் விசாரியுங்கள். வழக்கறிஞர்களே, இக்கோரிக்கைகளை மனுவாக வரைந்து தாருங்கள். கமக்காரப் பெருமக்களே, தோட்டத்தில் ஒருவருக்கொருவர் கைமாற்றி உழைப்பது உங்களுக்குப் பழக்கம். அவ்வழக்கத்தை அயல்வீட்டுத் திண்ணைக்கும் கொண்டு செல்லுங்கள். கிழமையில் ஒரு பொழுது அந்த முதியவருக்கு அருகில் நீங்கள் இருந்தால், அவர் மகள் அன்று சற்றே கண்ணயர்வாள்.