விதைக்கு ராயல்டி! விவசாயிக்குக் கடன்!

(பருத்தி விவசாயிகள் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நாம் கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். ஆனால் நமக்கு விதை விற்பவன் கணக்குப் பார்க்காமல் ஒரு பாக்கெட்டைக்கூட விற்பதில்லை. இன்று அவனுடைய கணக்கை நாம் கொஞ்சம் பார்ப்போம்.

நம்முடைய பாட்டனார் காலத்தில் விதை கடைச்சரக்கா? விளைந்ததில் நல்லதைப் பொறுக்கி எடுத்து, காயவைத்து, வீட்டிலேயே பத்திரப்படுத்தினார்கள். ஒருவரிடம் இல்லையென்றால் பக்கத்துக் காட்டுக்காரர் கொடுத்தார். அறுவடையில் அதைத் திருப்பித் தந்தார்கள். அந்த விதைக்குச் சொந்தக்காரர் என்று சீமையில் எவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இன்று நிலைமை என்ன?

இரண்டு பூட்டுகள்

2002-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். அனுமதி பெற்ற மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் செலுத்தி, காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி செய்தார்கள். அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனத்தின் தொழில்நுட்பம் இது. ஆரம்ப ஆண்டுகளில் மருந்தடிக்கும் செலவு குறைந்தது என்பதும் உண்மைதான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த விதை நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது? வீரிய ஒட்டு ரகமாக வந்தது. வீரிய ஒட்டு ரகத்தில் விளைந்த விதையை எடுத்து மறுபடி விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது, விளைச்சலும் இறங்கிவிடும். ஆகவே ஆண்டுதோறும் கடைக்குத்தான் போக வேண்டும். இது முதல் பூட்டு.

இரண்டாவது பூட்டு, 'தொழில்நுட்பக் கட்டணம்' என்ற பெயரில் வந்த ராயல்டி. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்திய விதைக் கம்பெனிகள் பணம் கட்டித்தான் அந்த மரபணுவைப் பயன்படுத்த முடிந்தது. அந்தப் பணத்தைக் கம்பெனிக்காரர்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்தா கொடுத்தார்கள்? நம் தலையில் கட்டினார்கள்!

450 கிராம் பாக்கெட் ஒன்று 1,600 ரூபாய், 1,850 ரூபாய் என்று விற்றது. 2005-ஆம் ஆண்டில் அதில் 1,250 ரூபாய் வரை இந்தக் கட்டணமே! நாம் விதை வாங்கவில்லை சகோதரர்களே, வரி கட்டினோம்.

இதில் இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். 'போல்கார்டு' என்ற அந்த முதல் ரகத் தொழில்நுட்பத்துக்கு இந்தியாவில் காப்புரிமையே கிடையாது. சந்தையில் வேறு ஆள் இல்லை என்பதால், வெறும் ஒப்பந்தத்தை வைத்தே வசூல் நடந்தது. அதன்பின் 2006-ல் வந்த 'போல்கார்டு 2'-க்குத்தான் 2008-ல் காப்புரிமை கிடைத்தது.

அரசு நினைத்தால் முடியும்

இந்த விலை யார் எழுதிய விதி? மாற்றவே முடியாததா? 2006-ல் ஆந்திர மாநில அரசு, ஏகபோக வர்த்தகத் தடை ஆணையத்தின் கதவைத் தட்டியது. அந்த ஆண்டே பாக்கெட் விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஐந்து பாக்கெட் வாங்கும் ஒரு விவசாயிக்கு, 1,600 ரூபாய்க் கணக்கில் பார்த்தால், ஒரே ஆண்டில் 4,250 ரூபாய் மிச்சம்! கம்பெனி மூடப்பட்டுவிட்டதா? இல்லை. பி.டி. பருத்தி அதற்குப் பிறகுதான் நாடு முழுவதும் பரவியது.

2016-ல் மத்திய அரசு போல்கார்டு 2 பாக்கெட்டுக்கு 800 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதில் ராயல்டி 49 ரூபாய்தான். 2019-ல் காப்புரிமைக் காலம் முடிந்தது. 2020-ல் ராயல்டி பூஜ்யம் என்றானது. அப்போது பாக்கெட் விலை 730 ரூபாய். மகிழ்ச்சி! ஆனால் 2023-ல் அதே பாக்கெட் 853 ரூபாய். காப்புரிமை போனாலும் முதல் பூட்டு அப்படியே இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

புழுவுக்கு ஒப்பந்தம் தெரியாது. 2009-லேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் போல்கார்டைத் தாக்குப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. சில ஆண்டுகளில் போல்கார்டு 2-ம் அதே கதியானது. விதைக்கும் கொடுத்தோம், மருந்துக்கும் கொடுக்கிறோம்! பல ஊர்களில் விதையைக் கடனுக்குக் கொடுப்பவரும், மருந்து விற்பவரும், பருத்தியை எடுப்பவரும் ஒரே ஆள். வட்டி எங்கே போகிறது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் வெர்னான் பௌமன் என்ற விவசாயி, தானியக் கிடங்கில் விற்ற சோயா மொச்சையை வாங்கி விதைத்தார். காப்புரிமையை மீறிவிட்டார் என்று வழக்கு! 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தது. எண்பத்து நான்காயிரம் டாலருக்கு மேல் இழப்பீடு.

நம் நாட்டில் சட்டம் அப்படி இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு, செடிக்கும் விதைக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. அந்தக் கதவு மூடியிருப்பதால்தான் 'செடிக்கு அல்ல, மரபணுவுக்கு' என்று சொல்லி ஜன்னல் வழியாக நுழைந்தார்கள். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001 என்று ஒரு சட்டமும் நம்மிடம் இருக்கிறது. அதன் 39-வது பிரிவின்படி, விளைந்ததிலிருந்து விதை எடுக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். கம்பெனிப் பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

2019-ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் சிலர் மீது, தாங்கள் பதிவு செய்த ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று பெப்சிகோ வழக்குப் போட்டது. அவர்களில் நான்கு பேரிடம் தலைக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய் கேட்டது! நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே வழக்கு வாபஸ். விவசாயிகளின் கையில் அந்த 39-வது பிரிவு இருந்தது. அவர்களுக்குப் பின்னால் மக்கள் இருந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

விதை வாங்கும்போது ரசீது கேளுங்கள். பாக்கெட்டையும் தூக்கி எறியாதீர்கள். சொன்னபடி விளையாத விதைக்கு இழப்பீடு கேட்க அதே 39-வது பிரிவு வழி தருகிறது. ஆதாரம் இல்லாமல் போனால் யார் கேட்பார்கள்?

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். எடுத்து வைத்து மறுபடி விதைக்கக்கூடிய நல்ல பருத்தி ரகங்களை அரசு ஆராய்ச்சி நிலையங்கள் போதிய அளவில் தர வேண்டும். விலைக் கட்டுப்பாடு கடன் சுமையைக் குறைக்கும். ஆனால் விதை நம் வீட்டில் இருந்தால்தான் விதைக்கான கடனே இருக்காது.

உழுதவன் இனி கணக்குப் பார்க்கட்டும். உழக்கு ஏன் மிஞ்சவில்லை என்பது அப்போதுதான் தெரியும்!